இயர்பட்ஸ் வாங்கும்போது இதைப் பாருங்கள்

பாட்டு கேட்டுக்கொண்டே ஓடுவதும் ஜிம்முக்குப் போவதும் பிடிக்கும் என்றால், இயர்பட்ஸில் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் பெட்டியில் ஐபிஎக்ஸ்4 (IPX4) என்று போட்டிருக்கிறதா எனப் பாருங்கள். எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று அர்த்தம். வியர்வைக்கும் தூறலுக்கும் இது தாராளம். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். அதற்காக நீச்சல் குளத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இந்த எண் பெரும்பாலும் பட்ஸுக்குத்தான், சார்ஜ் ஏற்றும் கேஸுக்கு இல்லை. வியர்வையோடு அப்படியே உள்ளே போட்டால், அடியில் இருக்கும் சின்ன உலோகப் புள்ளிகளில் உப்புப் படிந்து, ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறாமல் போகலாம். பருத்தித் துணியால் துடைத்து, கொஞ்சம் காயவிட்டு, அப்புறம் வையுங்கள்.

பேஸ் (பாட்டின் கனமான அடி ஒலி) சரியில்லை என்று உடனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கூடவே வரும் சிலிகோன் முனைகளில் வேறு அளவை மாட்டிப் பாருங்கள். காது சரியாக அடைபடாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தாலும் பேஸ் எடுபடாது. இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் பொருந்தும் என்றும் இல்லை.

சத்தம் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தத்தைக் கூட்டக் கூட இந்த நேரம் வேகமாகக் குறையும்.