பழைய ரயில் பொம்மைக்கு மோட்டார் தேடுவது எப்படி?

செட்டிநாட்டு வீடுகளில் இரண்டாங்கட்டு அறைகளைத் திறந்தால் எனாமல் தூக்குச்சட்டிகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு ரயில் பொம்மையும் கிடைக்கும். எங்கள் ஐயா மலாயாவிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் பாதி பூட்டிய என்ஜின் ஒன்று வேட்டித்துணி சுற்றிக் கிடந்தது. இனி ஓடாது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். இன்று ஓடுகிறது. நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் தண்டவாளத்தின் இரு கம்பிகளுக்கு நடுவே உள்ள அகலத்தை அளந்து பாருங்கள். 16.5 மில்லிமீட்டர் என்றால் அது ஓஓ அல்லது எச்ஓ எனப்படும் அளவு. பெரும்பாலும் 12 வோல்ட் டிசி மின்சாரத்தில் ஓடும். 32 என்றால் ஓ அளவு. அதில் சாவி கொடுத்து ஓடுபவையும் உண்டு. பெட்டியில் இருக்கும் பழைய டிரான்ஸ்பார்மரை மட்டும் பிளக்கில் செருகவே வேண்டாம். அதன் வயர் உறை உளுத்துப்போயிருக்கும்.

புது மோட்டார் தேடும் முன் பழையதைச் சோதியுங்கள். பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளை மோட்டாரின் இரு முனைகளில் வையுங்கள். அசையவில்லையா? கம்யூட்டேட்டர் எனும் செப்பு வளையத்தைப் பாருங்கள். என்னுடையதில் அது கரி படிந்து, அடுப்பில் ஏறிய பாத்திரத்தின் அடிபோல இருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, இடுக்கில் இருந்த கரியைப் பல்குத்தும் குச்சியால் எடுத்தேன். வளையம் மூன்று துண்டுகளால் ஆனதாக இருந்தால், இரண்டிரண்டு துண்டுகளில் மல்டிமீட்டரை வைத்து மின்தடையை அளந்து பாருங்கள். மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் சுருள் எரிந்திருக்கிறது. என் மோட்டாரில் அதுதான் நடந்திருந்தது.

அடுத்தது தேடல். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் உடைந்த என்ஜின் கிடைத்தால் அதன் மோட்டாரே முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் ரேடியோ பழுதுபார்க்கும் கடைக்குப் போங்கள். அங்கே டேப் ரெக்கார்டர் மோட்டாரை எடுத்து நீட்டுவார்கள்; மேலே 12 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். வாங்காதீர்கள். நான் வாங்கினேன். ஒரே வேகத்தில், ஒரே திசையில் மட்டும் சுற்றியது. கேசட் சீராக ஓடுவதற்காக வேகத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன சர்க்யூட்டை அதற்குள்ளேயே வைத்திருப்பார்கள். ரயிலுக்கு மெல்லக் கிளம்புவதும் பின்னால் வருவதும் அல்லவா உயிர்? ஆகவே கடையிலேயே பேட்டரி முனைகளை மாற்றி வைத்து, எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்று பார்த்துவிடுங்கள். சிடி பிளேயர் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். ஆனால் குறைந்த வோல்ட்டுக்கு ஆனது, 12 வோல்ட்டில் சூடேறிவிடும்.

நான் கடைசியில் வாங்கியது என்20 எனப்படும் சிறு மோட்டார். அகலம் 12, உயரம் 10 மில்லிமீட்டர். பற்சக்கரப் பெட்டி இல்லாத, 12 வோல்ட் வகையாகக் கேளுங்கள். என்ஜினுக்குள் ஏற்கெனவே வேகத்தைக் குறைக்கும் வார்ம் கியர் (மோட்டார் தண்டில் திருகுபோன்ற ‘வார்ம்’, அது சுழற்றும் பற்சக்கரம்) இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் ரயில் நத்தையாகிவிடும். இதன் தண்டு 1 மில்லிமீட்டர்தான். பழைய வார்மின் துளை பெரிதாக இருந்ததால், இடைவெளிக்குப் பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டினேன். அது கோணாமல் நிற்க வேண்டும். கோணினால் பற்கள் கரகரவென்று அரைக்கும்.

பூட்டியபின் ரயில் பெட்டிகளைக் கோக்காமல் இரு திசையிலும் பத்துப் பத்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, மோட்டாரை விரலால் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடிந்தால் பெட்டிகளைக் கோக்கலாம்.