பழைய டிவியில் ராஸ்பெர்ரி பை: படம் வருது, கலர் வரலையா?

2006க்குப் பிறகு தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவி இன்னும் சில வீட்டுப் பரண்களில் தூங்குகிறது. மஞ்சள் ஏவி சாக்கெட் இருந்தால் ராஸ்பெர்ரி பை (உள்ளங்கை அளவு சின்னக் கம்ப்யூட்டர் போர்டு) 3, 4 இரண்டையும் அதில் ஓட்டலாம். பை ஜீரோ, பை 5 போர்டுகளில் ஏவி பின் செருகும் 3.5 எம்எம் ஜாக் கிடையாது. போர்டில் வீடியோவுக்கென உள்ள உலோகப் புள்ளிகளில் (பேட்) இரண்டு ஒயர் சால்டர் செய்ய வேண்டும்.

முதல் வில்லன் கேபிள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வெறுமனே "ஏவி கேபிள்" என்று கேட்காதீர்கள். ஒரு முனையில் மூன்று கறுப்புக் கோடு போட்ட 3.5 எம்எம் பின், மறுமுனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று ஆர்சிஏ பின், அதுதான் வேண்டும். வெளியே எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே ஒயரிங் ஆளுக்கொரு விதம். பை எதிர்பார்ப்பது: நுனியில் இடது ஆடியோ, அடுத்த வளையத்தில் வலது ஆடியோ, அதற்கடுத்து கிரவுண்ட், அடிப்பகுதியில் வீடியோ.

வாங்கும் முன் மல்டிமீட்டரை பீப்பில் வைத்து, கிரவுண்ட் வளையத்தையும் ஏதாவது ஒரு ஆர்சிஏவின் வெளி உலோகத்தையும் தொடுங்கள். பீப் இல்லையென்றால் அந்தக் கேபிளை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். மாட்டினாலும் ஸ்பீக்கரில் உறுமல்தான் மிச்சம். பீப் வந்தால், பின்னின் அடிப்பகுதி எந்த ஆர்சிஏவின் நடு ஊசிக்குப் போகிறது என்று பாருங்கள். சிவப்புக்குப் போனால் சிவப்பையே டிவியின் மஞ்சள் சாக்கெட்டில் செருகுங்கள். நிறம் வெறும் பிளாஸ்டிக், தப்பில்லை.

அடுத்து செட்டிங். எஸ்டி கார்டை வேறு கம்ப்யூட்டரில் போட்டால் பூட் பகுதி தெரியும். அங்குள்ள கான்ஃபிக், சிஎம்டிலைன் என்ற இரண்டு டெக்ஸ்ட் கோப்புகள்தான் நமக்கு வேண்டும். கீழே ஒலிப்படி தந்திருக்கிறோம். கோப்பில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இடைவெளியின்றி அடிக்க வேண்டும், பிஏஎல் (நம்மூர் டிவி முறையின் பெயர், படிப்பது 'பால்') மட்டும் பெரிய எழுத்து.

பழைய ஓஎஸ் என்றால் கான்ஃபிக்கில் ஒரே வரி: எஸ்டிடிவி_மோட்=2. இயல்பு மதிப்பு 0, அது என்டிஎஸ்சி எனும் அமெரிக்க டிவி முறை. புதிய ஓஎஸ்ஸில் விசி4-கேஎம்எஸ்-வி3டி என்று முடியும் வரியின் கடைசியில் காற்புள்ளி போட்டு காம்போசிட் என்று சேருங்கள். சிஎம்டிலைன் கோப்பில் இருக்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு விசி4.டிவி_நார்ம்=பிஏஎல் என்று சேருங்கள். அந்தக் கோப்பு முழுக்க ஒரே வரியாக இருக்க வேண்டும். நடுவில் என்டர் தட்டினால் சேர்த்தது வேலை செய்யாது. பை 4 என்றால் கான்ஃபிக்கில் எனேபிள்_டிவிஅவுட்=1 கூடவே வேண்டும். அதன் பிறகு ஹெச்டிஎம்ஐயில் படம் வராது, பயப்பட வேண்டாம்.

இவ்வளவும் எதற்கு? நம்மூர் பால் முறையில் கலர் தகவல் 4.43 மெகாஹெர்ட்ஸில் வருகிறது, என்டிஎஸ்சியில் 3.58இல். எதிர்பார்த்த அலைவரிசை கிடைக்காவிட்டால் டிவிக்குள் இருக்கும் கலர் கில்லர் சர்க்யூட் கலரையே அணைத்துவிடும். என்டிஎஸ்சியில் வினாடிக்கு 50க்குப் பதில் 60 புலங்கள் (பாதிப் படங்கள்) வருவதால் சில பழைய டிவியில் படம் மேலும் கீழும் உருளவும் செய்யும். டிவி மெனுவில் கலர் சிஸ்டத்தை ஆட்டோவிலோ பாலிலோ வையுங்கள்.

எல்லாம் சரி, இன்னும் கறுப்பு வெள்ளையா? கான்ஃபிக்கில் கலரை அணைக்கும் எஸ்டிடிவி_டிசேபிள்_கலர்பர்ஸ்ட்=1 வரி இருக்கிறதா பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய சிலர் வேண்டுமென்றே போடுவது அது. யாரோ தந்த கோப்பை அப்படியே காப்பி அடித்தால் கூடவே வந்துவிடும். எல்இடி டிவியில் பச்சை சாக்கெட்டும் மஞ்சளும் ஒன்றாக இருந்தால் சோர்ஸை ஏவிக்கு மாற்றுங்கள். காம்போனென்ட்டில் (படத்தை மூன்று ஒயரில் பிரித்து வாங்கும் முறை) இருந்தால் வெளிச்சம் மட்டும்தான் வரும், கலர் வராது.

படம் 720க்கு 576 தான், டெஸ்க்டாப்பின் பொடி எழுத்தைப் படிக்க முடியாது. கன்சோலில் (எழுத்து மட்டும் காட்டும் கறுப்புத் திரை) டெர்மினஸ் என்ற எழுத்துருவை 16க்கு 32 அளவில் வைத்தால் கண் பிழைக்கும். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து மட்டும் வேண்டாம், மஞ்சள் ஒயர் ஒன்றிலேயே எல்லாம் வரும் காம்போசிட்டில் ஓரமெல்லாம் கலங்கிப்போகும்.