மாரடைப்புப் பதிவேடு: நிமிடங்களிலிருந்து தொடங்குங்கள்

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மாரடைப்பு நோயாளிகளுக்குப் பதிவேடு தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கடிகாரங்களைச் சரிபாருங்கள். எங்கள் இசிஜி இயந்திரம் சுவர்க் கடிகாரத்தைவிட 7 நிமிடம் பின்தங்கி ஓடியது. குளச்சலிலிருந்து வந்த மீனவர் ஒருவருக்கு, அவர் வாசலில் நுழையும் முன்பே இசிஜி எடுத்துவிட்டதாகத் தாளில் இருந்தது! அன்றுதான் கண் திறந்தது.

நான்கு நேரங்கள் போதும்: வலி தொடங்கியது, வாசலுக்கு வந்தது, இசிஜி எடுத்தது, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டது. வாசலுக்கு வந்ததிலிருந்து இசிஜிக்கு 10 நிமிடம், ஊசிக்கு 30 நிமிடம் என்பது எங்கள் இலக்கு. ஐம்பது கேள்விகளோடு படிவம் அச்சடித்தால் இரவுப் பணியில் யாரும் நிரப்பமாட்டார்கள். தெரியாததை ஊகித்து எழுதவே கூடாது. ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள்.

இறந்தவர்களையும், திருவனந்தபுரத்துக்கு அனுப்பப்பட்டவர்களையும் விட்டுவிடாதீர்கள். விட்டால் கணக்கு அழகாக இருக்கும், பயன் இராது. பக்கத்துக் கேரளத்தில் 2007 முதல் 2009 வரை 125 மருத்துவமனைகள் சேர்ந்து 25,748 பேரைப் பதிந்தபோது, வந்தவர்களை யாரையும் விடாமல் வரிசையாகவே சேர்த்தார்கள்.

மாதக் கடைசியில் மருத்துவர், செவிலியர், வாசல் காவலர் எல்லோரும் உட்கார்ந்து, தாமதமானவர்களின் தாள்களைப் படியுங்கள். யாரையும் திட்டாதீர்கள். நெஞ்சுவலியோடு வந்தவர்கள் சீட்டு வரிசையில் நின்றது எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. இப்போது ‘நெஞ்சு’ என்ற சொல் காதில் விழுந்ததுமே காவலர் சக்கர நாற்காலியை உள்ளே தள்ளி வருகிறார், சீட்டு பிறகு.