கணைக்கால் வேறு, கணுக்கால் வேறு: எலும்புப் பெயர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயதானவர் வழுக்கி விழுந்து "இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது" என்று சொல்லப்படும்போது, பெரும்பாலும் இடுப்பெலும்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. முறிந்திருப்பது தொடை எலும்பின் மேல்முனை: பந்து போன்ற தலைக்குச் சற்றுக் கீழே ஒடுங்கியிருக்கும் கழுத்துப் பகுதியோ, அதையடுத்த பகுதியோ. இடுப்பெலும்பு வளையமே உடைவது வேறு காயம். உள்ளுக்குள் இரத்தம் கொட்டும் ஆபத்து அதில் அதிகம், சிகிச்சையும் வேறு. இரண்டையும் ஒரே பெயரால் எழுதிவைத்தால், பின்னால் அந்தக் குறிப்பைப் படிப்பவருக்கு எது நடந்தது என்று தெரியாது.

எலும்புப் பெயர்களில் நேரும் பிழைகளுக்கு மனப்பாடம் போதாததே காரணம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் கணிப்பு வேறு. அன்றாடச் சொல்லின் பொருள் மருத்துவச் சொல்லின் பொருளைவிட விரிந்து கிடக்கும் இடங்களிலும், ஆங்கிலத்தில் வேறுவேறாக இருக்கும் இரண்டு சொற்கள் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடும் இடங்களிலும்தான் பிழைகள் குவிகின்றன. 206 பெயரையும் ஒப்பிக்கத் தெரிந்தவர்கூட அங்கே இடறுகிறார்.

பேச்சுச் சொல் போதாத இடங்கள்

பேச்சில் "கை" என்றால் தோளிலிருந்து விரல் நுனி வரை. அந்த நீளத்தில் 30 எலும்புகள் உள்ளன: மேற்கையில் ஹியூமரஸ் ஒன்று, முன்கையில் ரேடியஸ், அல்னா என இரண்டு, மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. "கை எலும்பு முறிவு" என்ற குறிப்பு இந்த முப்பதில் எதையும் சுட்டலாம். காலுக்கும் அதே 30தான், கணக்கு மட்டும் மாறும்: தொடையில் 1, முழங்கால் சில்லு 1, கணைக்காலில் 2, பாதத்தில் 26.

கணைக்காலையும் கணுக்காலையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக எழுதுவது மிகப் பரவலான பிழை. முழங்காலுக்கும் பாதத்துக்கும் இடைப்பட்ட நீளப் பகுதி கணைக்கால். டிபியாவும் ஃபிபுலாவும் அங்கே உள்ளன. கரும்பின் கணு புடைத்து நிற்பதுபோல இருபுறமும் முட்டு தெரிகிற மூட்டு கணுக்கால். "கணு" என்ற சொல்லே இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் வராது. அந்த முட்டுகளைத் தனி எலும்புகள் என்று எண்ணுவதும் தவறு. உட்பக்க முட்டு டிபியாவின் கீழ்முனை, வெளிப்பக்க முட்டு ஃபிபுலாவின் கீழ்முனை. இவற்றுக்கு மேலியோலஸ் என்று பெயர். நடுச்செவியில் உள்ள சுத்தி எலும்புக்கு மேலியஸ் என்று பெயர். லத்தீனில் முன்னது "சிறு சுத்தியல்", பின்னது "சுத்தியல்". ஓரிரு எழுத்து தவறினால் கணுக்கால் காயம் காதுக்குள் போய்விடும்.

"இடுப்பு வலி" என்று வருபவர் காட்டும் இடம் பெரும்பாலும் கீழ்முதுகு, அதாவது ஐந்து லம்பார் முள்ளெலும்புகள் இருக்கும் பகுதி. சிலர் தொடை எலும்பு வந்து பொருந்தும் பந்துக்கிண்ண மூட்டைக் காட்டுவார்கள். வேறு சிலர் இடுப்பெலும்பின் மேல்விளிம்பைக் காட்டுவார்கள். மூன்றும் இடுப்புதான், ஆனால் மூன்றும் வெவ்வேறு இடங்கள். ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லி, தொட்ட இடத்தின் பெயரை எழுத வேண்டும்.

தோள்பட்டை எலும்பு என்றால் முதுகுப்பக்கம் தட்டையாகக் கிடக்கும் ஸ்கேப்புலா. முன்பக்கம், கழுத்தின் அடியில், மார்பெலும்புக்கும் தோளுக்கும் இடையே குறுக்கே ஓடுவது காறை எலும்பு, கிளாவிக்கிள். காறை என்பது கழுத்தணி. அது கிடக்கும் இடத்தை நினைத்தாலே எந்த எலும்பு என்று விளங்கிவிடும்.

முள்ளந்தண்டையும் தண்டுவடத்தையும் கலந்து எழுதுவது இன்னும் கேடானது. முள்ளந்தண்டு எலும்புத் தொடர். தண்டுவடம் அதனுள் இறங்கும் நரம்புத் திசு. வளர்ந்தவர்களுக்கு அது முதலாம், இரண்டாம் லம்பார் முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடும். "தண்டுவடம் முறிந்தது" என்று எழுதினால் படிப்பவர் கை, கால் செயலிழந்ததாக நினைப்பார். நடந்தது ஒரு முள்ளெலும்பின் சிறு நசுங்கலாகவும் இருக்கலாம்.

தலையும் கழுத்தும் எலும்புக்கும் உண்டு

தொடை எலும்பின் கழுத்து முறிந்ததைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரை மொழிபெயர்ப்பவர், "தொடை எலும்பின்" என்பதை விட்டுவிட்டால் எஞ்சுவது "கழுத்து முறிவு". இதைவிடப் பயங்கரமான மொழிபெயர்ப்புப் பிழை இந்தத் துறையில் அதிகம் இல்லை. தலை, கழுத்து, முள், உடல் என்ற சொற்களை எலும்பின் பெயர் இல்லாமல் தனியே எழுதவே கூடாது.

தலை என்றால் மேல்முனை என்று எடுத்துக்கொள்வதும் தவறு. ரேடியஸின் தலை முழங்கை மூட்டில் இருக்கிறது. பக்கத்திலேயே ஓடும் அல்னாவின் தலையோ மணிக்கட்டில் இருக்கிறது. உள்ளங்கை எலும்புகளின் தலைகள் விரல் பக்கம்: கையை மூடினால் புடைக்கும் முட்டிகள் அவைதான். மேல்முனையா கீழ்முனையா என்று சொல்ல பிராக்ஸிமல், டிஸ்டல் என்ற சொற்கள் உண்டு. உடம்போடு கை, கால் சேரும் இடத்துக்கு அருகில் இருப்பது பிராக்ஸிமல், தள்ளி இருப்பது டிஸ்டல்.

உட்பக்கம், வெளிப்பக்கம் என்பவையும் உடற்கூற்று நிலையை வைத்தே சொல்லப்படுகின்றன: நிமிர்ந்து நின்று, உள்ளங்கைகளை முன்னோக்கித் திருப்பிய நிலை. அப்போது ரேடியஸ் வெளிப்பக்கம், கட்டைவிரல் பக்கம். அல்னா உட்பக்கம், சுண்டுவிரல் பக்கம். கையைக் கவிழ்த்தால் ரேடியஸ் அல்னாவின் மேல் குறுக்கே புரண்டுவிடும், பார்ப்பவருக்குப் பக்கம் மாறியதுபோலத் தோன்றும். பெயர் மாறாது. பாதத்தில் பெருவிரல் உட்பக்கம் வருவதையும் கவனிக்க வேண்டும். கையில் கட்டைவிரல் வெளிப்பக்கம்.

தமிழ் எழுத்தில் ஒன்றாகும் சொற்கள்

இலியம் என்று எழுதினால் அது இடுப்பெலும்பின் அகன்ற மேல்பகுதியா, சிறுகுடலின் கடைசிப் பகுதியா? ஆங்கிலத்தில் ஓர் உயிரெழுத்து இரண்டையும் பிரிக்கிறது. தமிழில் அதுவும் இல்லை. ஆகவே "இலியம் எலும்பு" என்றும் "கடைச் சிறுகுடல்" என்றும் விரித்து எழுதுவதே பாதுகாப்பு. "வலது இலியாக் ஃபோசாவில் வலி" என்ற குறிப்பில் வருவது எலும்பின் பெயரால் அமைந்த வயிற்றுப் பகுதி. வலி குடல்வால் அழற்சியால் வந்ததாகவும் இருக்கலாம், அதைக் கண்டு எலும்பு நோய் என்று முடிவுகட்ட வேண்டாம்.

டார்சல் அதைவிட மோசம். பாதத்தின் பின்பாதியில் உள்ள ஏழு எலும்புகளும் டார்சல். முதுகுப்பக்கம் என்ற பொருள் தரும் சொல்லும் தமிழ் எழுத்தில் டார்சல்தான், மார்புப் பகுதி முள்ளெலும்புகளைச் சில அறிக்கைகள் அந்தச் சொல்லால் குறிக்கின்றன. பாத எலும்புக்கு மட்டும் டார்சல் என்பதை வைத்துக்கொண்டு, முதுகுக்கு "மார்பு முள்ளெலும்பு" என்று எழுதுவது நல்லது.

வேறு சில சொற்கள் ஒன்றாகாவிட்டாலும் நெருங்கி ஒலிக்கின்றன. இஸ்கியம் நாம் உட்காரும்போது பாரம் தாங்கும் எலும்பு. இஸ்கீமியா இரத்த ஓட்டக் குறைவு. பெரோனியல் ஃபிபுலாவைச் சேர்ந்தது. பெரினியல் பிறப்புறுப்புக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதி. மணிக்கட்டில் டிரப்பீசியம், டிரப்பீசாய்டு என்று அடுத்தடுத்து இரண்டு எலும்புகள் உண்டு. கட்டைவிரலின் அடி எலும்பைத் தாங்குவது டிரப்பீசியம்.

மணிக்கட்டைப் பற்றி இன்னொன்று. எட்டு எலும்பையும் "மணிக்கட்டு எலும்பு" என்று ஒன்றாக்குவதில் பெரிதும் பாதிக்கப்படுவது ஸ்கேஃபாய்டு. கையை ஊன்றி விழும்போது உடையும் இந்தச் சிறு எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் டிஸ்டல் பக்கத்திலிருந்தே நுழைகிறது. நடுவில் முறிந்தால் பிராக்ஸிமல் துண்டு இரத்தமின்றி அழியக்கூடும். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகலாம். கட்டைவிரலின் அடியில் உள்ள குழியை அழுத்தினால் வலி இருக்குமானால், கட்டுப் போட்டு 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். "மணிக்கட்டுச் சுளுக்கு" என்ற சீட்டு அந்த மறுபரிசோதனையையே மறக்கடித்துவிடும்.

எண்களும் எழுத்துகளும்

முள்ளெலும்புகள் 33 என்பதும் 26 என்பதும் சரிதான். கழுத்தில் 7, மார்பில் 12, கீழ்முதுகில் 5. அதன் கீழே ஐந்து சேர்ந்து சேக்ரம், ஏறத்தாழ நான்கு சேர்ந்து வால் எலும்பு. இணைந்தவற்றை ஒன்றாக எண்ணினால் 26. கழுத்து முள்ளெலும்பு ஏழே. ஆனால் கழுத்து நரம்புகள் எட்டு இணை. அறிக்கைகளில் "சி" கழுத்தையும் "எல்" லம்பாரையும் குறிக்கும். ஆகவே "சி8" என்று அறிக்கையில் வந்தால் அது நரம்பு. அப்படியொரு எலும்பு கிடையாது. "எல்4–எல்5" என்று வருவது நான்காம், ஐந்தாம் லம்பார் முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள மட்டம், பெரும்பாலும் அங்கே மெத்தைபோல் இருக்கும் வட்டு.

விரல்களை எண்ணால் குறிப்பதைத் தவிர்க்க வேண்டும். கட்டைவிரலை ஒன்று என்று தொடங்கினால் மூன்றாவது நடுவிரல். ஆள்காட்டி விரலிலிருந்து எண்ணுபவருக்கு அதே மூன்று மோதிரவிரல். விரலின் பெயரையே எழுதினால் சிக்கலில்லை. கட்டைவிரலில் எலும்பு இரண்டுதான் என்பதால், "கட்டைவிரலின் நடு எலும்பு" என்று எங்காவது வந்தால் அந்தக் குறிப்பையே திரும்பக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

நோய்ப் பெயர்களில் ஸ்பாண்டிலோ என்றால் முள்ளெலும்பு. பின்னொட்டில்தான் பொருள் இருக்கிறது: ஸ்பாண்டிலோசிஸ் தேய்மானம், ஸ்பாண்டிலைட்டிஸ் அழற்சி, ஸ்பாண்டிலோலைசிஸ் முள்ளெலும்பின் பின்வளையத்தில் விரிசல், ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ் ஒரு முள்ளெலும்பு இன்னொன்றின் மேல் நழுவுதல். "முதுகெலும்புத் தேய்வு" என்று நான்கையும் மொழிபெயர்த்தால் மூன்று தவறாகிவிடும். அதேபோல, "முறிவு இல்லை, விரிசல்தான்" என்ற பேச்சுக்கு மருத்துவத்தில் இடமில்லை; எலும்பில் மயிரிழை விரிசலும் முறிவு என்றே பதிவாகும்.

குறிப்பு எழுதும் வரிசை இது: பக்கம், எலும்பு, பகுதி, காயத்தின் வகை. "வலது ரேடியஸ், டிஸ்டல் முனை, நகராத முறிவு." பக்கத்தைச் சுருக்கெழுத்தில் எழுதாமல் வலது, இடது என்று முழுதாக எழுத வேண்டும். எக்ஸ்ரே படத்தை நோயாளி நம்மைப் பார்த்து நிற்பதாக எண்ணியே மாட்டுவார்கள். அவருடைய வலம் நமக்கு இடப்பக்கம் வரும். படத்தின் ஓரத்தில் உள்ள பக்கக் குறியைக் கண்ணால் பார்த்த பிறகே அந்த முதல் சொல்லை எழுத வேண்டும்.