பிள்ளைக்கு இரத்தம் எடுக்கையில் நாம் கூட்டிவிடும் வலி

மாரி மழை தொடங்கினால் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துச் சிறுவர் வார்டுகளில் டெங்குப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். டெங்கு என்றால் எஃப்.பி.சி. என்ற இரத்த அணு எண்ணிக்கைப் பரிசோதனை ஒரு தடவையோடு முடியாது. இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் இறங்குகின்றனவா என்று பார்க்கத் திரும்பத் திரும்பக் குத்த வேண்டும். முதல் ஊசியில் மிரண்ட பிள்ளை அடுத்த ஊசிக்கு ட்ரேயைக் கண்டாலே கத்தும். அதனால் முதல் ஊசிதான் முக்கியம்.

பிழை வீட்டிலேயே தொடங்குகிறது. "சோறு தின்னாட்டி டொக்டரிட்டச் சொல்லி ஊசி போடுவன்" என்று வெருட்டுகிறோம். பிறகு வார்டில் "ஒண்டும் நோகாது மகன்" என்கிறோம். நொந்துவிட்டால் பிள்ளை அடுத்த முறை நம் பேச்சை நம்பாது. "கொஞ்சம் நோகும், கெதியா முடிஞ்சிரும், அம்மா பக்கத்திலதான் இருப்பன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஊசி ஏறும் நேரம் "பயப்படாத, பயப்படாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பயம்தான் கூடும். அந்த நேரத்துக்கு வேறு பேச்சு வேண்டும். கல்லடிப் பாலத்தில் என்ன பார்த்தோம் என்று கேளுங்கள், போனில் பிடித்த பாட்டைப் போடுங்கள், மூச்சை நீளமாக ஊதச் சொல்லுங்கள்.

மல்லாக்கப் படுக்கவைத்து நாலு பேர் அமுக்குவது பிள்ளைக்கு ஊசியைவிடப் பெரிய பயம். மடியில் நிமிர்த்தி இருத்தி நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள், இரத்தம் எடுக்கும் கையை மட்டும் மிஸ்ஸி (தாதி) பிடிக்கட்டும். இப்படி இருத்தலாமா என்று முதலே கேட்பதில் ஒரு பிழையும் இல்லை.

கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே நல்ல மருந்து. ஊசிக்குச் சற்று முன்பே கொடுக்கத் தொடங்கி, குடிக்கும்போதே எடுக்கவிடுங்கள், முடிந்த பிறகும் நிறுத்த வேண்டாம். இனிப்புக்காக நாக்கில் தேன் மட்டும் தடவாதீர்கள். நல்ல காட்டுத்தேனாக இருந்தாலும், ஒரு வயதுக்கு முன் தேன் கொடுத்தால் போட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம்.

தோலை விறைக்கவைக்கும் லிடோகெயின், பிரிலோகெயின் கிரீமை ஊசிக்கு ஐந்து நிமிடம் முன் தடவிப் பயனில்லை. அது வேலை செய்ய ஏறக்குறைய 1 மணி நேரம் வேண்டும். அவசரமில்லாத பரிசோதனை என்றால் பிள்ளைக்கு அது பொருந்துமா, எந்த இடத்தில் பூசுவது என்று டொக்டரிடம் முதல்நாளே கேளுங்கள்.

வெறும்வயிறு தேவையில்லாத பரிசோதனைக்கும் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கூட்டிவருபவர்கள் உண்டு. உடலில் நீர் குறைந்தால் நரம்பு பிடிபடாது. டெங்குப் பிள்ளைக்கு மட்டும் குடிக்கும் அளவை வார்டில் கேட்டே கொடுங்கள். இரண்டு முறை குத்தியும் கிடைக்காவிட்டால், மூன்றாவதுக்கு முன் பிள்ளையைக் கொஞ்சம் ஆறவிட்டு, அனுபவமுள்ள ஒருவரை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.