சராசரி போடும் முன்: எதை எதால் வகுக்கிறோம்?

எல்லாவற்றையும் கூட்டு, எத்தனை இருக்கிறதோ அதால் வகு. பள்ளியில் படித்த இந்தக் கூட்டுச் சராசரி பல இடங்களில் போதும். சில இடங்களில் மட்டும், பார்க்கச் சரியாகத் தெரிகிற தப்பான விடையைக் கொடுத்துவிடும். கூட்டலிலோ வகுத்தலிலோ பிழை இருக்காது. வகுக்க எடுத்த எண்தான் தப்பு.

டெஸ்ட் கிரிக்கெட்டில் டான் பிராட்மேன் 80 இன்னிங்ஸ் ஆடி 6,996 ரன் எடுத்தார். 80ஆல் வகுத்தால் 87.45. ஆனால் ஊரறிந்த அவருடைய சராசரி 99.94. காரணம், பேட்டிங் சராசரியில் ரன்னை இன்னிங்ஸ் எண்ணிக்கையால் வகுப்பதில்லை, அவுட்டான தடவைகளால் வகுக்கிறார்கள். அவர் 10 முறை நாட் அவுட். ஆகவே 6,996 ÷ 70. இன்னும் 4 ரன் எடுத்திருந்தால் சரியாக 100 வந்திருக்கும். 1948இல் ஓவல் மைதானத்தில் ஆடிய கடைசி இன்னிங்ஸில் அவர் எடுத்தது பூஜ்ஜியம்.

எனவே கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் ஒரே கேள்விதான்: எந்த மொத்தத்தை எந்த மொத்தத்தால் வகுக்க வேண்டும்?

சராசரிகளுக்குச் சராசரி போடாதீர்கள்

பைக் மைலேஜை எடுத்துக்கொள்வோம். பங்க்கில் டேங்க்கை நிரப்பி, நாசில் தானாக நின்றதும் நிறுத்திவிட்டு, ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். ஓட்டிய பிறகு, முடிந்தால் அதே பங்க்கில், அதே அளவுக்கு மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இந்த இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். முதலில் போட்ட லிட்டரால் வகுக்காதீர்கள். அந்த பெட்ரோல் கணக்கு தொடங்குவதற்கு முந்தைய ஓட்டத்துக்கு உரியது.

முதல் சுற்றில் 180 கி.மீ. ஓட 4 லிட்டர், அதாவது லிட்டருக்கு 45. அடுத்த சுற்றில் 120 கி.மீ. ஓட 2 லிட்டர், அதாவது 60. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 52.5 வரும். அது தப்பு. மொத்தம் 300 கி.மீ., மொத்தம் 6 லிட்டர், மைலேஜ் 50. இரண்டு சுற்றிலும் சமமான லிட்டர் செலவாகியிருந்தால் மட்டுமே 52.5 போன்ற பாதிக் கணக்கு பொருந்தும்.

பால் கணக்கும் இப்படித்தான். 4 சதவீதக் கொழுப்புள்ள 8 கிலோ பாலுடன் 7 சதவீதக் கொழுப்புள்ள 2 கிலோ பாலைக் கலந்தால் 5.5 சதவீதம் ஆகிவிடாது. (8×4 + 2×7) ÷ 10 = 4.6. ஒவ்வொரு எண்ணையும் அதன் அளவால் பெருக்கிக் கூட்டி, அளவுகளின் மொத்தத்தால் வகுப்பதற்குப் பெயர் நிறையிட்ட சராசரி. கல்லூரியில் பாடப் புள்ளிகளுக்குப் போடும் ஜி.பி.ஏ. சராசரியும் இதுவே, பாடத்தின் எடையைச் சொல்லும் கிரெடிட்தான் இங்கே அளவு: 4 கிரெடிட் பாடத்தில் 7, 3 கிரெடிட்டில் 9, 1 கிரெடிட்டில் 10 வாங்கினால் 65 ÷ 8 = 8.125. மூன்றால் வகுத்து 8.67 என்று சந்தோஷப்பட்டுவிட்டு, ரிசல்ட் வந்ததும் முகம் சுளிப்பவர்கள் ஏராளம்.

போகும்போது மணிக்கு 60 கி.மீ., அதே வழியில் திரும்பும்போது 40. சராசரி வேகம் 50 அல்ல, 48. தூரம் 120 கி.மீ. என்று வைத்துப் பாருங்கள்: போக 2 மணி, வர 3 மணி, 240 ÷ 5. மெதுவான வேகத்தில் அதிக நேரம் கழிகிறது, அதனால் அதன் பக்கம் சாய்கிறது. 2 × 60 × 40 ÷ (60 + 40) என்று நேராகவும் போடலாம். இது இசைச் சராசரி. தூரம் சமமாக இல்லாவிட்டால் இந்தச் சூத்திரத்தை விட்டுவிட்டு மொத்த தூரத்தை மொத்த நேரத்தால் வகுங்கள். மாதாமாதம் ஒரே தொகையை மியூச்சுவல் ஃபண்டில் போடும் எஸ்.ஐ.பி.யில் மாதம் 1,000 ரூபாய்க்கு, ஒரு மாதம் யூனிட் 20 ரூபாய், மறுமாதம் 25 ரூபாய் என்று வாங்கினால் 50 + 40 = 90 யூனிட். யூனிட்டுக்கு அடக்க விலை 22.22, 22.50 அல்ல.

சதவீத வளர்ச்சி என்றால் பெருக்குங்கள்

முதலீடு ஒரு வருடம் 50% ஏறி, மறுவருடம் 50% இறங்கினால் சராசரி பூஜ்ஜியம் என்று தோன்றும். 100 ரூபாய் 150 ஆகி, பிறகு 75 ஆகியிருக்கும். இங்கே தேவை பெருக்குச் சராசரி.

+20%, −10%, +25% என்று மூன்று வருடம். இவற்றை 1.20, 0.90, 1.25 என்று மாற்றிப் பெருக்கினால் 1.35. இதன் கனமூலம் சுமார் 1.105, ஆக வருடத்துக்கு 10.5%. வெறுமனே கூட்டி மூன்றால் வகுத்தால் 11.67% வரும். அந்த விகிதத்தில் ஒரு லட்சம் 1,39,000க்கு மேல் போயிருக்க வேண்டும், கையில் இருப்பதோ 1,35,000தான்.

போன் கால்குலேட்டரைப் படுக்கையாகத் திருப்பினால் அடுக்குக் குறி கிடைக்கும். 1.35 போட்டு, அடுக்கில் 1÷3 என்பதை அடைப்புக்குறிக்குள் கொடுக்க வேண்டும். அடைப்புக்குறியை விட்டால் 0.45 என்று அபத்தமான விடை வரும்.

ஒரு பெரிய எண் எல்லாவற்றையும் இழுத்தால்

ஒரு கடையில் ஏழு பேரின் மாதச் சம்பளம்: 12,000, 13,000, 14,000, 14,000, 15,000, 16,000, 70,000. கூட்டுச் சராசரி 22,000. ஏழில் ஆறு பேர் அதைத் தொடவே இல்லை. இங்கே இடைநிலை அளவுதான் நிலவரத்தைச் சொல்லும்: ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை, அதாவது நான்காவதை எடுங்கள், 14,000. எட்டுப் பேர் இருந்தால் நான்காவதையும் ஐந்தாவதையும் கூட்டிப் பாதியாக்குங்கள். அடுக்காமல் நடு எண்ணை எடுப்பதுதான் இதில் வழக்கமான தவறு. ஆனால் மாதச் சம்பளத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று முதலாளி கேட்டால் 22,000 × 7தான் பதில்.

முகடு, அதிகமுறை வரும் மதிப்பு. செருப்புக் கடையில் சைஸ் 6 ஐந்து ஜோடி, 7 பன்னிரண்டு, 8 ஒன்பது, 9 நான்கு விற்றால் முகடு 7. பன்னிரண்டு என்று எழுதினால் மார்க் போய்விடும். கூட்டுச் சராசரி 222 ÷ 30 = 7.4, அந்த சைஸை எங்கே போய் வாங்குவது? இந்த அட்டவணையில் வரிசை நான்குதான் என்று 4ஆல் வகுத்துவிடாதீர்கள், விற்ற ஜோடி 30.

எக்ஸலில் செய்பவர்களுக்கு: ஆவரேஜ் ஃபார்முலா காலிக் கட்டத்தைக் கணக்கில் சேர்க்காது, பூஜ்ஜியத்தைச் சேர்க்கும். தேர்வு எழுதாத மாணவருக்கு 0 போடுவதா, காலியாக விடுவதா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். எழுத்தாகப் பதிவாகியிருக்கும் எண்ணையும் அது ஓசையில்லாமல் தாண்டிப் போய்விடும். கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் எண்களைச் சந்தேகப்படுங்கள். கவுன்ட் ஃபார்முலா போட்டு, எத்தனை எண்கள் உள்ளே போயின என்று பாருங்கள். நிறையிட்ட சராசரிக்கு, புள்ளியையும் கிரெடிட்டையும் பெருக்கிக் கூட்டித் தரும் சம்ப்ராடக்ட் ஃபார்முலாவின் விடையை, கிரெடிட்டின் கூட்டுத்தொகையால் வகுக்கலாம். பெருக்குச் சராசரி போடும் ஜியோமீன் ஃபார்முலாவுக்குள் −10% என்று அப்படியே கொடுத்தால் எரர் வரும், 0.90 ஆக மாற்றிக் கொடுத்து, வரும் விடையில் 1ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.