டூயலி வேண்டுமா வேண்டாமா: எடை மேடையில் ஏறிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

ஹூஸ்டன் பக்கம் கேட்டியிலிருந்து பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு கிளம்பியிருந்தோம். ஐ-10 நெடுஞ்சாலையில் ஜங்ஷன் ஊரைத் தாண்டியதும் பக்கக்காற்று பிடித்துக்கொண்டது. என்னிடம் அப்போது இருந்தது முக்கால் டன் வகை டீசல் பிக்கப் (வகையின் பெயர்தான் அது, அதற்கு மேல் ஒரு டன் வகை), பின்னால் பக்கத்துக்கு ஒரு டயர். பக்கத்துக்கு இரண்டு டயர் இருந்தால் அதைத்தான் டூயலி என்பார்கள். அது இழுத்தது ஒரு பெரிய ஃபிஃப்த் வீல் டிரெய்லர், அதாவது பம்பரில் இல்லாமல் பிக்கப்பின் சரக்குத் தட்டிலேயே மாட்டும் வகை. லாரிகள் முந்தும்போதெல்லாம் வண்டியின் பின்பாகம் ஒருமுறை அந்தப் பக்கம் போய், ஒருமுறை இந்தப் பக்கம் வந்து, அப்புறம்தான் நேரானது. ஃபோர்ட் ஸ்டாக்டன் வரும்வரை நானும் பேசவில்லை, மனைவியும் பேசவில்லை.

இன்ஜின் திணறவே இல்லை. விற்பனையாளர் சொன்ன இழுவைத் திறனும் பொய்யில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடமும் ஒரு வண்டியும் செலவாகின. ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் பொறி) மாட்டுவது, டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் பிரேக் கண்ட்ரோலர் அமைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: டிரெய்லர் உங்கள் வண்டிமேல் எவ்வளவு உட்காருகிறது?

பம்பர் ஹிட்ச்சில் மாட்டும் சாதாரண டிரெய்லர் என்றால் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சில் இறங்கும். ஃபிஃப்த் வீல் என்றால் 20 முதல் 25 சதவீதம். இதை ‘பின் வெயிட்’ என்பார்கள். டிரெய்லரை ஹிட்ச்சில் பூட்டும் கிங் பின் என்ற இரும்பு முளையில் இறங்கும் எடை என்று பொருள். தமிழ்க் காதுக்கும் அது சரியாகத்தான் கேட்கிறது, ஏனென்றால் அத்தனையும் விழுவது பின் அச்சின் மேல்.

கணக்குப் போடும்போது விளம்பரத்தாளில் இருக்கும் காலி எடையை எடுக்காதீர்கள். பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், அரிசி மூட்டை எதுவும் அதில் கிடையாது. தண்ணீர் மட்டுமே ஒரு கேலனுக்கு 8.3 பவுண்டு. டிரெய்லரின் மேல் ஒட்டியிருக்கும் ஜி.வி.டபிள்யூ.ஆர், அதாவது எல்லாம் ஏற்றிய பிறகு அனுமதிக்கப்படும் உச்ச எடையையே எடுங்கள். என்னுடையதற்கு அது 14,000 பவுண்டு. 22 சதவீதம் என்று வைத்தால் 3,080 பவுண்டு.

படி 2: ஓட்டுநர் கதவைத் திறங்கள்

கதவுத் தூணில் மஞ்சள் பட்டை போட்ட ஓர் ஒட்டி இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். உங்கள் வண்டியின் பேலோடு அதுதான். ‘ஆட்கள்’ என்பதில் ஓட்டுகிற நீங்களும் அடக்கம். நான் என்னைச் சேர்க்காமல் கணக்குப் போட்டிருந்தேன், சிரிக்காதீர்கள். எரிபொருள் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும். நீங்கள் பிறகு வாங்கி மாட்டிய ஹிட்ச், பெட்டி, சரக்குத் தட்டில் போட்ட விரிப்பு எல்லாவற்றையும் நீங்கள்தான் கழிக்க வேண்டும்.

என் கணக்கு: பின் வெயிட் 3,080, ஹிட்ச் 180, நான்கு பேர் 600, கருவிகளும் ஐஸ் பெட்டியும் 200. மொத்தம் 4,060. என் கதவில் இருந்த எண் 2,100 சொச்சம். டீசல் இன்ஜின் கனமானது, அந்தக் கனம் பேலோடிலிருந்துதான் போகும். அதிகம் இழுக்க வேண்டுமென்று டீசல் வாங்கி, சுமக்கும் திறனைக் குறைத்துக்கொண்டேன்.

(பின்சேர்க்கை: தன் ஒரு டன் வண்டியில் மஞ்சள் ஒட்டியே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். ஜி.வி.டபிள்யூ.ஆர் 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அது கட்டாயமில்லை. உங்கள் வண்டியின் ஜி.வி.டபிள்யூ.ஆர் எண்ணிலிருந்து அதன் உண்மையான எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். உண்மையான எடைக்கு அடுத்த படி.)

படி 3: எடை மேடை

இங்கேதான் நான் பணத்தையும் நேரத்தையும் விட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாக.

நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் ‘கேட் ஸ்கேல்’ (CAT Scale) எடை மேடைகள் இருக்கும். தனித்தனிப் பலகைகள். முன் அச்சு முதல் பலகையில், பின் அச்சு இரண்டாவதில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்க வேண்டும். ஆளைக் கூப்பிடும் பட்டன் பெரிய லாரி ஓட்டுநரின் கை உயரத்தில் இருக்கும். அது எட்டவில்லை என்று நான் வண்டியை முன்னால் பின்னால் நகர்த்தி, கடைசியில் முன் அச்சை இரண்டாவது பலகையிலும் மற்ற எல்லாவற்றையும் மூன்றாவதிலும் நிறுத்தியிருக்கிறேன். வந்த சீட்டு எதற்கும் உதவாது. நின்ற பிறகு இறங்கிப் போய்ச் சக்கரங்களைக் கண்ணால் பாருங்கள். பட்டனை விடுங்கள், ‘வெய் மை டிரக்’ செயலியை ஃபோனில் போட்டுக்கொண்டால் உட்கார்ந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும்.

டேங்க் நிரப்பி, குடும்பத்தை உட்காரவைத்து, டிரெய்லரோடு முதல் எடை. பிறகு டிரெய்லரை ஓரமாக விட்டு (சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் கழற்றவே கழற்றாதீர்கள்), பிக்கப்பை மட்டும் இரண்டாவது எடை. 24 மணி நேரத்துக்குள் மறு எடை போட்டால் கட்டணம் மிகக் குறைவு.

எனக்கு வந்தது இது. டிரெய்லரோடு: முன் அச்சு 4,560, பின் அச்சு 6,880, டிரெய்லர் அச்சுகள் 9,740. பிக்கப் மட்டும்: முன் 4,600, பின் 4,020. பிக்கப்பின் எடை 8,620-லிருந்து 11,440 ஆகியிருக்கிறது. வித்தியாசம் 2,820. அதுதான் உண்மையான பின் வெயிட். அதையும் டிரெய்லர் அச்சுகளின் 9,740-ஐயும் கூட்டினால் டிரெய்லர் 12,560 பவுண்டு, பின் வெயிட் அதில் 22 சதவீதத்துக்குச் சற்று மேல்.

பிக்கப்பின் ஜி.வி.டபிள்யூ.ஆர் 10,000. நான் 1,440 பவுண்டு அதிகம். பின் அச்சின் வரம்பு 6,500, அதிலும் 380 அதிகம். தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தபோதே இந்த நிலை.

பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக் (காற்றுப் பை) போட்டால் சரியாகிவிடும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். வண்டியின் பின்புறம் தூக்கி நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். கதவில் இருக்கும் எண் ஒரு பவுண்டுகூட ஏறாது.

படி 4: இப்போதுதான் ஒற்றையா இரட்டையா

ஃபோர்டு எஃப்-350, ராம் 3500, செவ்ரலே சில்வராடோ 3500 மூன்றுமே இரண்டு வகையிலும் கிடைக்கும். முக்கால் டன் வண்டிகளில் ஒற்றை மட்டும்தான்.

டயர் கணக்கைப் பாருங்கள். ஒற்றைச் சக்கர வண்டிகளில் வரும் 275/70ஆர்18 அளவு, ‘ஈ’ என்ற சுமை வகை டயர் ஒன்று 80 பி.எஸ்.ஐ. காற்றில் 3,640 பவுண்டு தாங்கும். இரண்டுக்கு 7,280. டூயலியின் 235/80ஆர்17 டயர் தனியாக 3,085 தாங்கும். ஜோடியாகப் போட்டால் சுமை இரண்டுக்கும் சமமாகப் பிரியாது என்பதால் 2,835 என்றுதான் குறிப்பார்கள். நான்குக்கு 11,340. அகலமாக ஊன்றி நிற்பதால் பக்கக்காற்றில் ஆட்டமும் குறைவு. நெடுஞ்சாலையில் ஒன்று வெடித்தால் பக்கத்து டயர் ஓரம் கட்டும்வரை தாங்கிப் பிடிக்கும்.

என் அபிப்பிராயம்: படி 2-இல் உங்களுக்கு வந்த மொத்தம் 3,000-க்குள் என்றால் ஒரு டன் ஒற்றைச் சக்கரமே போதும், டூயலி வீண் தொல்லை. 4,000-ஐத் தொட்டால் யோசிக்காமல் டூயலி. நடுவில் மாட்டியவர்கள் அடுத்த டிரெய்லர் பெரியதாக வாங்குவீர்களா என்று மனைவியிடமோ கணவரிடமோ கேளுங்கள், நிஜமான பதில் அங்கேதான் கிடைக்கும்.

நான் டூயலி வாங்கினேன். அதே ஐ-10, அதே காற்று, இந்த முறை மனைவி தூங்கிக்கொண்டு வந்தாள்.

தொல்லைகளும் உண்டு. பின்புறம் ஏறக்குறைய 8 அடி அகலம். தானியங்கி கார் கழுவுமிடங்களில் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஹூஸ்டன் பக்கம் பேர்லண்டில் இருக்கும் மீனாட்சி கோயிலுக்கு விசேஷ நாளில் இதை எடுத்துக்கொண்டு போனால் கடைக்கோடியில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். காலியாகப் போகும்போது ஈரப்புல்லில் பின்சக்கரம் சும்மா சுழலும். அதனால் 4x4 இல்லாத டூயலி வாங்காதீர்கள். டெக்சாஸ் சுங்கச் சாலைகளில் அச்சைத்தான் எண்ணுகிறார்கள், டயரை அல்ல. அந்தக் கவலை வேண்டாம்.

உள்டயரில் காற்று இறங்கினால் வெளியே தெரியாது. ஊரில் லாரி கிளீனர்கள் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிக்கொண்டே சுற்றி வருவார்களே, அது இதற்குத்தான். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் நானும் ரப்பர் சுத்தியலால் தட்டுகிறேன். சத்தம் மாறினால் காற்றழுத்த மானியை எடுப்பேன். இரட்டைத் தலை உள்ள மானிதான் உள்வால்வுக்கு எட்டும். வளையும் வால்வுக் குழாய்களை இரண்டு முறை வாங்கி இரண்டு முறையும் கசிந்தன. இரும்பாலான நீள வால்வுகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

(இன்னொரு பின்சேர்க்கை: உரிமம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். டெக்சாஸில் டிரெய்லரின் ஜி.வி.டபிள்யூ.ஆர் 10,000-ஐத் தாண்டி, இரண்டு வண்டிகளும் சேர்ந்து 26,001 பவுண்டோ அதற்கு மேலோ வந்தால், சொந்த உபயோகத்துக்கே என்றாலும் வணிகம் சாராத ‘கிளாஸ் ஏ’ உரிமம் வேண்டும். டூயலியின் 14,000, டிரெய்லரின் 14,000, ஆக 28,000. எனக்கு இது வண்டி வாங்கிய பிறகுதான் தெரிந்தது. ஓட்டுத் தேர்வுக்கு நம் வண்டியைத்தான் கொண்டுபோக வேண்டும், டிரெய்லரோடு.)